துண்டில் விழுந்த வெள்ளைத் திட்டுகள்

மகளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் மூக்கில் கண்ணாடியை வைத்து, ஒரு சாண் தூரத்தில் நின்று சரிபார்க்க வேண்டும். அந்த நேரத்தில் எல்லோரும் தன் கன்னத்துப் பருக்களைத்தான் எண்ணுகிறார்கள் என்று அவளுக்குத் தோன்றும். பொறுக்கமாட்டாமல் ஒருநாள் தோல் டாக்டரிடம் போனாள். அவர் ஒரு ஜெல் எழுதிக் கொடுத்தார். முகம் நன்றாகக் காய்ந்த பிறகு பட்டாணி அளவு, தினம் ஒரே தடவை. தெளிய இரண்டு மாதமாவது ஆகும் என்றார். அவளும் அப்படியே செய்தாள்.

மூன்றாவது வாரம் வீட்டில் கலவரம். அவளுடைய பச்சைத் தலையணை உறையிலும் அப்பாவின் கருநீலத் துண்டிலும் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். சலவைக்கடைக்காரம்மா கண்டதையும் ஊற்றித் துவைத்துவிட்டாள் என்று முடிவு கட்டிய அம்மா, இரண்டையும் சுருட்டிக்கொண்டு சண்டைக்குக் கிளம்பினாள். மகளும் பின்னாலேயே ஓடினாள்.

சலவைக்கடைக்காரம்மா கோபப்படவில்லை. உறையை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தாள். பிறகு மகளின் கன்னத்தைப் பார்த்தாள்.

"பருவுக்கு ஜெல் போடுறியாம்மா? சில ஜெல் துணியில பட்டா சாயத்தை எடுத்துடும். வெள்ளை உறை, வெள்ளைத் துண்டா வச்சுக்கோ."

அம்மாவின் முகம் இத்தனூண்டாகிவிட்டது. மன்னிப்புக்குப் பதிலாக, இரண்டு போர்வைகளை நாளைக்குத் துவைக்கப் போடுவதாகச் சொன்னாள். மகளுக்கோ வேறு யோசனை. உறை சரி. அப்பாவின் துண்டை அவள் தொட்டதே இல்லையே?

வீட்டுக்கு வந்ததும் இருவரும் அப்பாவின் எதிரில் போய் நின்றார்கள். நான்கு நாளாகச் சளி என்று அவர் சொல்லிக்கொண்டிருந்த மூக்கு, செக்கச்செவேலென்று தோலுரிந்து கிடந்தது.

"என் ஜெல்லை எடுத்தீங்களாப்பா?"

அப்பா செய்தித்தாளை நிதானமாக மடித்தார். ஆபீஸில் அடையாள அட்டைக்குப் புதுப் படம் எடுக்கிறார்களாம். அந்த நேரம் பார்த்து மூக்கு நுனியில் ஒரு பரு வந்து உட்கார்ந்துவிட்டதாம்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை போட்டீங்க?"

"மூணு. சீக்கிரம் போகட்டுமேன்னு கொஞ்சம் தாராளமா."

அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். ஒருவருக்கு எழுதிய மருந்தை இன்னொருவர் தொடலாமா என்று மகள் கடிந்துகொண்டே டாக்டருக்குப் போன் செய்தாள். உடனே நிறுத்தச் சொல்லி, எரிச்சல் அடங்க ஒரு கிரீம் சொன்னார். ஒரு வாரத்தில் மூக்கு தேறியது. அந்தப் பரு எப்போது போனது என்று யாருமே கவனிக்கவில்லை.

இரண்டு மாதம் முடிந்து மகள் மறுபடி டாக்டரைப் பார்க்கக் கிளம்பியபோது, கன்னத்தில் மிச்சம் இரண்டே பருக்கள். அம்மா ஏற்கெனவே தலை வாரிக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள்.

"நீ எதுக்கும்மா?"

"கண்ணுக்குக் கீழ கருப்பா இருக்குல்ல. சும்மா கேட்டுட்டு வந்துடலாம்."