இருட்டு வைத்தியம்

காசிமாயன் வீட்டுக்குள் கொடி வளர்த்ததைப் பார்த்து பழங்காநத்தமே சிரித்தது. கொடி என்றால் வேலியில் கிடக்க வேண்டும், காய்க்க வேண்டும், அதுவும் இல்லையென்றால் ஆட்டுக்காவது ஆக வேண்டும். இது எதற்கும் லாயக்கில்லை. பச்சை இலையில் மோரைத் தெளித்துவிட்ட மாதிரி திட்டுத் திட்டாக வெள்ளை. காசிமாயன் ஒரு துரையின் பங்களாவில் தோட்டக்காரன். துரைசாணி கத்தரித்துப் போட்ட துண்டை மருந்துச் சீசாவில் தண்ணீர் ஊற்றிச் செருகி, மகள் ஜெயக்கொடிக்குக் கொண்டுவந்து கொடுத்தான்.

பதினைந்து வயதுப் பெண்ணுக்கு அது போதுமாக இருந்தது. புள்ளிக்கொடி என்று பெயர் வைத்தாள். மூன்று நாளைக்கு ஒரு தரம் தண்ணீர் மாற்றினாள். ஈரத்துணியால் இலை இலையாகத் துடைத்தாள். நுனி நீண்டு தொங்கியபோது சணலால் உத்தரத்தில் கட்டி விட்டாள்.

"நேர் வெயில் ஆகாதுத்தா. சன்னலோரமா வெளிச்சம் மட்டும் படணும்" என்று காசிமாயன் சொல்லிக் கொடுத்தான். அடுப்படியில் இருந்த அவன் மனைவி மாயக்காளின் காதில் வெயில் ஆகாது என்பது மட்டும் விழுந்தது. அரிசி கொதிக்கிற நேரத்தில் மீதியை யார் கேட்பார்கள்?

தை மாதம் துரை கொடைக்கானலில் புதிதாக ஒரு பங்களா எடுத்து, தோட்டம் போடுவதற்குக் காசிமாயனைக் கூட்டிக்கொண்டு போனார். ஐப்பசிக்கு முன்னால் திரும்ப வழியில்லை. அவன் போன மறுமாதம் ஜெயக்கொடியின் இடது மணிக்கட்டில் ஒரு வெள்ளை விழுந்தது. தேமல் என்று மாயக்காள் பூவரசங்காயை உரசித் தடவினாள். பங்குனிக்குள் முழங்கையில் இரண்டு, உதட்டோரத்தில் ஒன்று என்று ஆகிவிட்டது.

மாயக்காளுக்குச் சோறு இறங்கவில்லை. திருப்பரங்குன்றத்தில் இருந்த அவளுடைய அண்ணன் சிவனாண்டியின் மகன் தவசிக்குத்தான் ஜெயக்கொடி என்பது தொட்டிலிலேயே முடிவான பேச்சு. அத்தை மகள்மீது அவனுக்குத்தான் முதல் உரிமை. வருகிற தையில் பரிசம் போட வருவதாக இருந்தார்கள். உரிமைக்காரனே வேண்டாமென்று ஒதுக்கிய பெண்ணை வேறு எவன் வந்து கேட்பான்? காலம் முழுக்க வீட்டில்தான் கிடப்பாள். 

சித்திரைத் திருவிழாவுக்கு வந்த அண்ணன் குடும்பம் இரண்டு நாள் வீட்டில் தங்கியது. மகளின் தாவணியை மணிக்கட்டு வரை இழுத்துச் சுற்றி, அடுப்புப் புகைக்குள்ளேயே உட்கார வைத்துச் சமாளித்தாள் மாயக்காள். அவர்கள் ஊர் போய்ச் சேர்ந்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

மூச்சு வந்ததைப் பொறுக்காமல் பக்கத்து வீட்டு முத்துத்தாய் வந்தாள். அவளுக்கு மற்றவர் வீட்டுச் சங்கதி என்றால் கண்ணும் காதும் கூடுதலாக வேலை செய்யும்.

"அந்தக் கொடியப் பாரு, உன் மகளப் பாரு. தொடச்சுத் தொடச்சே ஒட்டிக்கிருச்சுடி" என்றாள்.

அன்றைக்கே மாயக்காள் கொடியை உத்தரத்திலிருந்து அறுத்து இறக்கினாள். தூர எறிந்தால் புருஷன் வந்து கேட்பான். சீசாவோடு தூக்கிக்கொண்டு போய், நெல்லுக் குதிர் இருந்த உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்தினாள். அந்த அறைக்குச் சன்னல் கிடையாது; கதவிடுக்கில் வருகிற கீற்று வெளிச்சம்தான். ஜெயக்கொடி இரண்டு நாள் அழுதாள். பிறகு அம்மா இல்லாத நேரம் பார்த்துப் போய்த் தண்ணீர் மட்டும் ஊற்றி வந்தாள்.

ஆடி பிறந்ததும் விதை நெல் எடுக்க விளக்கோடு உள்ளே போன மாயக்காள் அப்படியே நின்றாள். கொடி சாகவில்லை. அறுத்த இடத்திலிருந்து கிளைத்து ஓடியிருந்தது. புதிதாக விட்ட எட்டு இலையும் சுத்தமான பச்சை. விளக்கைக் கிட்டே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு பொட்டு வெள்ளைகூட இல்லை.

குதிர்மேல் சாய்ந்துகொண்டு அவள் அழுதாள். குலசாமி கண்ணைத் திறந்துவிட்டது என்று நினைத்தாள். வெயில் ஆகாது என்று மனுஷன் சொன்னானே, அதுதானே விஷயம். செடிக்கு மறைந்தது பிள்ளைக்கு மறையாதா?

"மூணே மாசந்தான்த்தா. உங்கப்பா வர்றதுக்குள்ள எல்லாம் மறைஞ்சிரும்" என்று மகளிடம் கெஞ்சினாள். ஜெயக்கொடியும் அந்த இலைகளைப் பார்த்தாள். பார்த்ததும் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அவளாகவே உள்ளே போனாள். கேட்பவர்களிடம், மகள் மேலூர்ப் பக்கம் அப்பத்தா வீட்டுக்குப் போயிருப்பதாக மாயக்காள் சொன்னாள்.

பொய் சொன்னாளே தவிர அவள் கொடுமைக்காரி இல்லை. உப்பில்லாப் பத்தியச் சோற்றை அவளே பிசைந்து ஊட்டினாள். விடிகிறதுக்கு முன்னால் மட்டும் கொல்லைக்குக் கூட்டிப்போய் வந்தாள். தினமும் விளக்கைப் பிடித்து மகளின் கையைப் பார்த்தாள். வெயில் படாத உடம்பு வெளுக்க வெளுக்க வெள்ளைக்கும் தோலுக்கும் இருந்த வித்தியாசம் குறைந்துகொண்டே வந்தது. மாயக்காள் அதை மறைகிறது என்றே நம்பினாள். ஆவணியில் ஜெயக்கொடிக்கு இருமல் கண்டது. புரட்டாசியில் மாலைதோறும் காய்ச்சல் வந்தது. கெட்டதெல்லாம் வெளியேறுகிறது என்று கஷாயம் போட்டுக் கொடுத்தாள்.

ஐப்பசியில் காசிமாயன் வந்தான். மாயக்காளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவன் துண்டை உதறிப் போடுவதற்குள் உள்ளே போய்ச் சீசாவை எடுத்து வந்து அவன் முன்னால் வைத்தாள்.

"பாருங்க. ஒரு புள்ளி இருக்கா?"

காசிமாயன் கொடியைக் கையில் எடுத்தான்.

"எங்க வச்சிருந்த இத?"

"குதிரு அறையில. இருட்டுல வச்சதுல எல்லாம் மறைஞ்சிருச்சு."

"மறையல. பட்டினி கெடந்திருக்கு" என்றான் அவன். "எல எம்புட்டுச் சிறுத்திருக்கு பாரு. கணுவுக்குக் கணு இம்புட்டுத் தூரம் ஓடியிருக்கே, வெளிச்சம் எங்கனன்னு தேடித்தான். கெடைக்காமத்தான் உசுரப் பிடிச்சுக்க மொத்தமும் பச்சையாயிருச்சு. வெள்ளை இருந்தாத்தான் இதுக்குத் தெம்புன்னு அர்த்தம். சரி, புள்ளைய எங்க?"

மாயக்காள் ஓடிப்போய் உள்ளறைக் கதவை விரியத் திறந்தாள். காசிமாயன் பின்னாலேயே வந்து எட்டிப் பார்த்தான்.

ஜெயக்கொடி சுவரோரமாகச் சுருண்டு கிடந்தாள். கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு துருத்தித் தெரிந்தது. வெளிச்சம் முகத்தில் விழுந்ததும் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டாள்.

"கதவச் சாத்தும்மா. இன்னுங் கொஞ்ச நாளுதான, மறைஞ்சிரும்" என்றாள்.

காசிமாயன் அவளை வாரித் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். பகல் வெளிச்சத்தில் பார்த்தால் மணிக்கட்டிலும் முழங்கையிலும் உதட்டோரத்திலும் வெள்ளை அத்தனையும் அப்படியே இருந்தது. ஒன்றுகூடக் குறையவில்லை. வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். காசத்தில் நெஞ்சு இரண்டு பக்கமும் கெட்டு நாளாகிவிட்டது என்று டாக்டர் சொன்னார். ஒன்பதாம் நாள் பிள்ளை போய்விட்டது.

சிவனாண்டி மகனோடு வந்தார். பிள்ளையின் உடம்புமேல் தாய்மாமன் போட வேண்டிய கோடிக்குப் புதிதாகச் சேலை எடுக்கவில்லை. பரிசத்துக்கென்று முன்னாலேயே எடுத்து வைத்திருந்த அரக்குப் பட்டையே கொண்டுவந்து போட்டார். தவசி பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

எல்லாம் முடிந்து மூன்றாம் நாள் மாயக்காள் அண்ணனிடம் உள்ளதையெல்லாம் கொட்டினாள். எதை மறைத்தாள், எதற்காக மறைத்தாள், ஒன்று விடாமல் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அது எங்களுக்குத் தெரியும் தங்கச்சி" என்றார்.

"எது?"

"கையில இருக்கறது. சித்திரைக்கு வந்தப்பவே தவசி பாத்துட்டான். தண்ணி மோந்து குடுத்தாள்ல, அப்ப. வீட்டுக்கு வந்து சொன்னான். அதுனால என்ன, எனக்கு அவதான்னான். உங்க மதினியும் சரின்னுட்டா."

மாயக்காள் அவர் பக்கம் இன்னும் நெருங்கி வந்தாள்.

"நாங்களா எடுத்துப் பேசுனா உனக்கு மொகஞ் செத்துப் போகும்னுதான் பேசாம இருந்தோம். பொண்ணப் பெத்தவ அவளா வாயத் தொறக்கட்டும், அதுவரைக்கும் கேக்கக் கூடாதுன்னு தவசிதான் சொன்னான்."

"ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதாண்ணே" என்று மாயக்காள் அவர் காலைப் பிடித்துக்கொண்டு கதறினாள்.

நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று சிவனாண்டி திருப்பிக் கேட்டிருக்கலாம். அவர் கேட்கவில்லை. தங்கையின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அவரும் அழுதார்.