குளத்தில் பிடித்த சீ பாஸ்

லண்டன் செவன் கிங்ஸில் எங்கள் தெருவிலிருந்து தூண்டில் போடப் போகிறவர் யோகராஜா ஒருவர்தான். சனிக்கிழமை விடிய, தூண்டிலும் மடக்குக் கதிரையுமாகக் காரில் ஏறுவார். பொழுதுபட வெறுங்கையோடு இறங்குவார். கோடை முழுக்க இதே கதை. யன்னல் திரையை விலக்கிப் பார்க்க எனக்கு வேறு வேலை இல்லையா என்பீர்கள். இருந்தது, பிறகு செய்தேன்.

அவர் மனைவி தவநாயகியிடம் ஒருநாள் சும்மா விசாரித்தேன்.

"பிடிக்கிறவராம் அக்கா. பிடிச்சிட்டுத் திரும்பத் தண்ணிக்குள்ளை விடுறவராம்."

"பிடிச்ச மீனை ஆரும் விடுவினமோ, தவம்?"

அவள் முகம் கறுத்துப்போனது. அந்தக் கேள்வி அவளுக்குள்ளும் கிடந்திருக்கிறது. அன்றிலிருந்து அவளுக்கு நித்திரையில்லை. அவர் சட்டைகளை மணந்து பார்க்கத் தொடங்கினாள்.

மனுசியின் முகத்தைக் கண்டு பயந்தாரோ என்னவோ, அடுத்த சனி யோகராஜா ஒரு மீனோடு வந்தார். தவம் பருத்தித்துறைக் கடற்கரையில் பிறந்தவள். பையைத் திறந்ததும் எனக்குப் போன் எடுத்தாள்.

"அக்கா, குளத்திலை சீ பாஸ் பிடிச்சவராம். கடல் மீன்! அதுவும் செதில் எடுத்துக் கிடக்கு. எவளெண்டு தெரிஞ்சால் காணும் எனக்கு."

அடுத்த சனி என் காரில் அவர் பின்னால் போனோம். ஹெய்னால்ட் பக்கம் ஒரு குளம். கரையெல்லாம் பழுத்த இலை. மடக்குக் கதிரையில் மனுசன் தனியே இருந்தார். ஒருத்தியையும் காணோம். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

தவத்துக்கு மனம் ஆறவில்லை. "எங்கடை காரைக் கண்டிட்டு நடிக்கிறாரோ அக்கா?" என்றவள் நேரே அவர் முன்னால் போய் நின்றாள். "கடையிலை வாங்கினது போதும். இப்ப பிடிச்சுக் காட்டுங்கோ."

"இஞ்சேரப்பா, கோடையெண்டால் கரையிலேயே கடிக்கும். இப்ப தண்ணி குளிர்ந்திட்டுது. பேர்ச் மீனெல்லாம் ஆழத்துக்குப் போயிட்டுது. தூண்டில்லை கொழுவின றப்பர் மீனை அடியோடை மெல்ல மெல்ல இழுத்தால்தான்..."

"கதை வேண்டாம். மீன்."

எறிந்தார். மெல்ல இழுக்க வேண்டியதைப் படபடவென்று இழுத்தார். ஒன்றுமில்லை. விழுந்து கிடந்த மரத்தடியில் எறிந்தார். அங்கும் இல்லை. தவம் தாலிக்கொடியை முறுக்கிக்கொண்டே நின்றாள்.

"காத்து அங்காலை அடிக்குது. குஞ்சு மீன் அங்கைதான் ஒதுங்கும், பெரிசுகளும் பின்னாலை வரும்" என்று எதிர்க்கரைக்கு நடந்தார். நாங்களும் சேற்றில் பின்னால் போனோம். நான் முருகனை வேண்டிக்கொண்டேன்; யாருக்காக என்று முருகனுக்கே தெரிந்திராது.

நூல் விறைத்தது. புலிக்கோடும் சிவந்த செட்டையுமாக ஒரு பேர்ச் துள்ளிக்கொண்டு வந்தது.

தவம் உடனே கைப்பையிலிருந்து பொலித்தீன் பையை எடுத்து விரித்தாள். "போடுங்கோ."

"ஏலாதப்பா. இஞ்சை பிடிச்சதை விடவேணும், அந்த அறிவித்தல் போர்டைப் பார்." முதலில் கையை நனைத்துக்கொண்டார். அதன் வாயிலிருந்து தூண்டில் முள்ளைப் பக்குவமாகக் கழற்றினார். மீனுக்கு மூச்சு வரும்வரை தண்ணீருக்குள் இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தார். "போ ராசாத்தி, போ" என்றார். அது போனது.

தவம் வெறும் பையைப் பிடித்தபடி நின்றாள்.

"அக்கா, இந்த மனுசன் என்ரை கையை ஒருநாளும் இப்பிடிப் பிடிச்சதில்லை."

பிறகு திரும்பி நடந்து அவருடைய மடக்குக் கதிரையில் போய்ச் சாய்ந்தாள். அவர் ஈரக்கையோடு பின்னாலேயே வந்து பக்கத்தில் நின்றார். எனக்குத்தான் இருக்க இடமில்லை.