ஜெரால்டு சொன்ன சாட்சி

எங்கள் மெட்டல் இசைக்குழுவுக்கு ‘உப்புத்தூண்’ என்று பெயர் வைத்தவன் ஜெரால்டு. கிட்டார் அவன், டிரம்ஸ் நான். பாட்டெல்லாம் பைபிளில் இருக்கும் சங்கீதங்கள்தான். தாவீது ராஜா எழுதியதைத் தொண்டை கிழியக் கத்துவோம், அவ்வளவே. பன்னிரண்டு வருஷத்தில் யூடியூப் புண்ணியத்தில் பிரேசிலில் நானூறு ரசிகர்கள் கிடைத்தார்கள். மரக்காணத்தில் ஒருத்தர்கூட இல்லை. உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் கிட்டார் கம்பியை மாதாமாதம் மாற்றிக்கொண்டு, சொந்த ஊரில் ஒரு மேடை கிடைக்காதா என்று ஏங்கியே அவனுக்குத் தலை நரைத்துவிட்டது.

மாதா கோயில் திருவிழாவில் வாய்ப்புக் கேட்டோம். பங்குச் சாமியார் செல்போனில் அரை நிமிஷம் கேட்டுவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்.

அப்புறம்தான் பாஸ்டர் பாலகுரு வந்தார். எங்கள் ஊர் ஈசிஆர் சாலையோரம் பந்தல் போட்டு ஜெபக்கூட்டம் நடத்துகிறவர்.

“தம்பி, நீங்க சாட்சி சொல்லணும். முதல்ல பத்து நிமிஷம் அந்த சாத்தான் மியூசிக்கை வாசிச்சுக் காட்டுங்க. அப்புறம் கிட்டாரைக் கீழ வெச்சிட்டு, இதை விட்டுட்டேன், கர்த்தர் என்னை மீட்டுட்டார்னு சொல்லுங்க.”

“நாங்க வாசிக்கிறது எல்லாமே சங்கீதங்க” என்றான் ஜெரால்டு.

“அது நமக்குத் தெரிஞ்சா போதாதா? ரெண்டாயிரம் பேர் வர்றாங்க.”

ரெண்டாயிரம் என்றதும் ஜெரால்டின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அவன் மனைவி லீமா மட்டும், “பொய் சாட்சி சொல்லக்கூடாதுன்னு பத்துக் கட்டளையிலயே இருக்குது” என்றாள். எனக்கும் மேடை ஆசைதான். ஒத்திகைக்கு நாள் குறித்தேன்.

வாசித்தோம். வாழ்நாளில் அப்படி வாசித்ததில்லை. பத்து நிமிஷம் இருபதானதும் பாலகுரு கையைக் காட்டினார். ஜெரால்டு கிட்டாரை இறக்கி வைத்து, சொல்லச் சொன்னதைச் சொன்னான். கைதட்டலில் பந்தலே ஆடியது. அடுத்தடுத்து ஐந்து ஊர்களில் கூப்பிட்டார்கள். போன ஊரில் விட்டதை அடுத்த ஊரில் எடுத்து வாசித்து, மறுபடி விட்டுக்கொண்டிருந்தோம்.

ஏழாவது கூட்டம் திரும்பவும் மரக்காணத்தில். முடிந்து வயர் சுருட்டும்போது, உப்பளத்தில் வேலை செய்யும் கொளஞ்சியம்மாள் மேடையோரம் வந்து நின்றார்.

“என் புள்ள செத்ததுல இருந்து உள்ளுக்குள்ள எனக்கு அப்படித்தாம்பா கத்திக்கினே இருக்குது. இன்னிக்குத்தான் வெளிய ஒருத்தன் கத்திக் கேட்டேன். மனசு லேசாயிடுச்சு. அதையா விட்டுட்டேன்னு சொல்ற?”

ஜெரால்டு என்னைப் பார்த்தான். ஏழு மேடையில் கூசாமல் சொன்னவனுக்கு, ஊரில் கிடைத்த ஒரே ரசிகையிடம் பொய்யும் வரவில்லை, உண்மையும் வரவில்லை.