ஒரு சொட்டு இறங்காத பெட்டி

அந்த எலக்ட்ரீஷியனுக்குத் தெருவில் 'பசை' என்று பெயர். சிலிக்கோன் பசைக் குழாயைக் கையில் எடுத்தால் லேசில் கீழே வைக்க மாட்டார். கிண்டலுக்கு வைத்த பெயரைப் பட்டம் என்று நினைத்துப் பூரித்துப்போன ஆசாமி உலகத்திலேயே அவர் ஒருவர்தான்.

அவர் தங்கையின் தையல் கடை ஒரு கட்டடத்தின் தரைக்குக் கீழே இருந்தது. மழை வந்தால் உள்ளே தண்ணீர் ஊறும். இறைத்துத் தள்ள ஒரு மோட்டார். அதன் சுவிட்ச் பெட்டியை வெளிச்சுவரில் மாட்டித் தந்தவர் பசை. மொட்டைமாடியிலிருந்து வயர் இறங்கி வரும் பைப் நுழையும் இடம், மூடியின் ஓரம், திருகின் தலை என்று ஒன்று விடாமல் அப்பித் தள்ளினார். பெட்டிக்கு அடியில் கம்பெனிக்காரனே ஒரு சின்ன ஓட்டை விட்டிருந்தான். "அறிவிருக்கா இவனுங்களுக்கு?" என்று அதையும் அடைத்தார். "ஒரு சொட்டு உள்ள போகாதும்மா, எழுதி வச்சுக்கோ."

போன மழைக்கே மோட்டார் நின்றது. பசை பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. தன் வேலையைத் தானே சந்தேகப்படுவதாவது! "மோட்டார் மெக்கானிக் சரியில்லம்மா" என்று கைகாட்டிவிட்டார். தங்கை அந்த மனுஷனை வாய்க்கு வந்தபடி திட்டி, இனி கடைப் பக்கமே வராதே என்று துரத்திவிட்டாள். வெயிலடித்து மோட்டார் தானாகவே ஓடியதும் பேச்சு அதோடு அமுங்கிப்போனது.

இன்று காலை பிடித்துக்கொண்டது அடுத்த மழை. மோட்டார் மறுபடி நின்றுவிட்டது. கடைக்குள் கணுக்கால் அளவு தண்ணீர்.

"நானூறு யூனிஃபார்ம்ண்ணே!" மூட்டை ஒன்றைத் தலையில் தூக்கிக்கொண்டு, ஓடி வந்த பசையிடம் தங்கை கத்தினாள். "நனைஞ்சா ஸ்கூல்ல வாங்க மாட்டாங்க. கடைய மூடிட்டுப் போக வேண்டியதுதான்!"

மெயினை அணைத்துவிட்டுப் பசை பெட்டியின் மூடியைப் பிய்த்தார். உள்ளே பாதிப் பெட்டித் தண்ணீர். மீன்தான் இல்லை. மொட்டைமாடியில் அந்த வயர் பைப்பின் வாயை அடைக்க மறந்திருக்கிறார். மழை பைப்புக்குள்ளேயே நேராக இறங்கி வந்திருக்கிறது. அப்படி வருகிற தண்ணீர் வெளியே போகத்தான் அந்த அடி ஓட்டை. 'வர்ற வழிய தொறந்து வச்சிட்டு, போற வழிய அடைச்சிருக்கியே, நீயெல்லாம் எலக்ட்ரீஷியனாடா!' என்று தலையில் அடித்துக்கொண்டார்.

ஸ்க்ரூடிரைவரால் அடிப் பசையைக் குத்தினார். அழுக்குத் தண்ணீர் மொத்தமும் அவர் சட்டைக்குள் இறங்கியது. அதுவும் வேண்டியதுதான். ஓடிப்போய் மாடிப் பைப்பின் வாயை மூடி, பெட்டியைத் துடைத்து, புது சுவிட்ச் மாட்டி, மெயினைப் போட்டார். மோட்டார் உறுமிக்கொண்டு ஓடியது.

"மறுபடியும் மோட்டார்தானாண்ணே? அந்தாளை இன்னிக்கு விடமாட்டேன்" என்றாள் தங்கை.

தலையை ஆட்டினால் போதும், தப்பித்துவிடலாம். பசைக்கு ஆசையாகத்தான் இருந்தது.

"இல்லம்மா. மோட்டார்ல ஒண்ணும் இல்ல. போன தடவையும் என் தப்புதான். பாவம், அந்த மெக்கானிக்."

தங்கை அவரை முறைத்தாள். போனை எடுத்து நம்பரை அழுத்தி நீட்டினாள். "என்கிட்ட சொன்னத அவர்கிட்ட சொல்லு."

எடுக்காமல் இருக்கவேண்டுமே என்று பசை வேண்டிக்கொண்டார். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார் மெக்கானிக்.

"அக்கா, தண்ணி ஏறுதா? பயப்படாதீங்க, இதோ கிளம்பிட்டேன்."

பசைக்கு மானம் போனது.

"அக்கா இல்லப்பா, அவங்க அண்ணன். மழையில வண்டிய எடுக்காத. நான் சொல்றத மொதல்ல கேளு."