கவிச்சி ஊசி

மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால் எங்கள் ஊரில் எட்டு நாளைக்கு எந்த வீட்டிலும் கவிச்சி கிடையாது. கருவாட்டுச் சட்டியைக்கூட வெளியே கவிழ்த்துவிடுவோம். ஐம்பத்தொன்பதாம் வருஷம் என் மகளின் ஊசி மருந்தையும் அந்தக் கணக்கில் சேர்த்தார்கள்.

செங்கமலத்துக்கு அப்போது பதினோரு வயது. சர்க்கரை நோய். தினமும் இன்சுலின் போட்டால்தான் உயிர் தங்கும் என்று புதுக்கோட்டை டாக்டர் சொல்லியிருந்தார். நானே ஊசி போடக் கற்றுக்கொண்டு, மருந்துப் புட்டியை ஈரமணல் பானைக்குள் வைத்திருந்தேன்.

என் வீட்டுக்காரரின் அண்ணன் ரத்தினவேல் அந்த வருஷம் கரகம் எடுப்பவர். ஆலங்குடிச் சந்தையில் யாரோ அவர் காதில் ஓதிவிட, நேரே வீட்டுக்கு வந்து சொன்னார்.

"மாட்டுக் கணையத்துலேருந்து எடுக்குற மருந்தாம்ல? காப்புக் கட்டுன வீட்டுக்கு ஆகாது. எட்டு நாளுதானே, மாரியாத்தா பாத்துக்கிருவா."

வீட்டுக்காரர் உடனே தலையாட்டினார். அண்ணன் பேச்சு அவருக்கு வேதவாக்கு. நானும் தலையாட்டித் தொலைத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

மூன்றாம் நாள் காலையில் பிள்ளை குடம் குடமாகத் தண்ணீர் கேட்டாள். வாந்தி எடுத்தாள். மூச்சு இரைத்தது. பானையைத் திறந்தால் புட்டி இல்லை. ரத்தினவேல் அதைக் குப்பைக்குழியில் உடைத்துப் போட்டிருந்தார்.

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே ரத்தினவேல் நின்ற கோயிலுக்குப் போனேன். வாசலில் வைக்கோல் தீயில் தப்பு மேளத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள்.

"அது என்ன தோலுங்க?" என்று அடிப்பவரைக் கேட்டேன்.

"கன்னுக்குட்டித் தோலு தாயி."

ரத்தினவேல் பக்கம் திரும்பினேன். "கன்னுக்குட்டித் தோலு அதிர்ந்தாத்தான் ஒங்களுக்கு அருள் வருது. மாட்டோட ஒரு சொட்டு எம்புள்ள ஒடம்புல போனா மட்டும் தீட்டா? இவ செத்தா ஒங்க கரகம் எந்திரிச்சு வந்து அம்மான்னு கூப்பிடுமா?"

"காப்புக் கட்டிட்டு ஊர் எல்லையத் தாண்டாத. குடும்பத்துக்கே ஆகாது" என்று, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய என்னைப் பார்த்துக் கத்தினார்.

"ஆகாததெல்லாம் எனக்கே ஆகட்டும்."

திருவரங்குளம் வரை ஓடிப்போய்ப் புதுக்கோட்டை பஸ்ஸைப் பிடித்தேன். இன்னும் அரை நாள் போயிருந்தால் கைவிட்டுப் போயிருக்கும் என்று டாக்டர் என்னைத் திட்டினார். திட்டட்டும் என்று நின்றேன். எனக்கு அது வேண்டியதுதான்.

மறுநாள் சாயங்காலம்தான் செங்கமலம் கண் திறந்தாள். கையில் ஊசி போட்ட இடத்தைத் தடவிப் பார்த்தாள். முகமெல்லாம் பயம்.

"அம்மா, மாரியாத்தா கோவிச்சுக்கிருமா?"

செத்துப் பிழைத்த பிள்ளை கேட்கிற முதல் கேள்வியா இது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கோவிச்சா கோவிச்சுக்கிரட்டும்டி. எனக்கு வந்த கோவமே இன்னும் அடங்கல."