நான்காவது வரி

பல் டாக்டர் எழுதிக்கொடுக்கும் நன்னடத்தைச் சான்றிதழில் என்ன இருக்கிறதோ அது மறுநாள் காலைக்குள் உண்மையாகிவிடும். தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்பது தெரிந்திருப்பதைப் போல, இதுவும் அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. இதற்குச் சில நுணுக்கங்கள் உண்டு. நீல மையில் எழுதியிருக்க வேண்டும். ரப்பர் முத்திரை காய்ந்திருக்க வேண்டும். யாருக்கு எழுதுகிறாரோ அவர் பற்களை டாக்டர் ஒருமுறையாவது பார்த்திருக்க வேண்டும். சான்றிதழ் வாங்கியவரின் சொந்தக்காரர்களிடம் மட்டும் அது செல்லாது. படிவங்கள் எல்லாமே உறவினர் அல்லாதவரைத்தான் கேட்கின்றன என்பதால் அப்படி இருக்கலாம். சலவைக்கடைக்காரர் மகனுக்கு "எப்போதும் சிரித்த முகம்" என்று எழுதிக்கொடுத்ததில், அவன் துக்க வீடுகளுக்குப் போவதை நிறுத்த வேண்டியதாயிற்று. "பொய் பேசாதவர்" என்று வாங்கிப்போன ஒருவர் பழைய ஸ்கூட்டர் விற்கும் கடையில் மூன்று நாள் தாக்குப்பிடித்தார்; இப்போது எடைக்கல் பரிசோதகராக நிம்மதியாக இருக்கிறார்.

லிஃப்ட் மெக்கானிக்கின் மகளைத் தெரு "கம்பி" என்று கூப்பிட்டது. இரண்டரை வருடம் பல்லுக்குக் கம்பி போட்டிருந்தவள். கம்பியைக் கழற்றிய பிறகும் பெயர் கழலவில்லை. அப்பா இல்லை. அம்மாதான் நகரத்தில் பாதிக் கட்டடங்களின் லிஃப்டுகளைப் பழுதுபார்ப்பவர். பள்ளி விடுமுறைகளில் அம்மாவோடு லிஃப்டின் உச்சி அறைக்கு ஏறி, பெட்டி மேலே போகும்போது மறுபக்கம் எடைக்கட்டை கீழே இறங்குவதை மணிக்கணக்கில் பார்த்து வளர்ந்தவள் கம்பி. அவளுக்குப் பாலம் கட்ட வேண்டும். சாதாரணப் பாலம் இல்லை. ஆற்றங்கரைக்குக் காலையில் போய்ச் சேர்ந்து மாலைக்குள் லாரிகளை அக்கரைக்கு அனுப்புகிற ராணுவப் பாலம். அதற்கு ஒரே வழி ராணுவ அகாடமி. தேர்வானால் நான்கு வருடப் பொறியியல் படிப்பு முழுக்க அரசு செலவு. முடித்ததும் எட்டு வருடம் அதிகாரியாகச் சேவை. பத்தொன்பதரை வயதுக்கு மேல் விண்ணப்பிக்க முடியாது. ஆக, இரண்டே வாய்ப்பு.

முதல் வாய்ப்பு முந்தின வருடமே போய்விட்டது. எழுத்துத் தேர்வில் தேறினாள், ஓட்டத்தில் தேறினாள், ஐந்து நாள் தேர்வு மையத்தில் தவறினாள். மறுப்புக் கடிதத்தில் காரணம் ஒரே வரியில் இருந்தது: "நன்றாகப் பின்தொடர்கிறார்." அம்மா அதைப் படித்துவிட்டு, இது புகாரா பாராட்டா என்று கேட்டார். கம்பி அதை எடுத்துப்போய்ப் பல் டாக்டரிடம் காட்டினாள்.

இரண்டாம் முறை படிவம் வாங்கியபோது அவள் உஷாராக இருந்தாள். மூன்று வருடம் பழகிய ஒருவரின் சான்றுரை வேண்டும். வீடு மாறி, பள்ளி மாறி வந்தவளுக்கு அப்படி இருந்தவர் பல் டாக்டர் ஒருவர்தான். நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறப்பதற்கு முன்பே சொல்லிவிட்டாள்.

"டாக்டர், உங்களுக்குத் தெரிஞ்சத மட்டும் எழுதுங்க. ஒரு வார்த்தை கூடுதலா வேணாம்."

"ஏம்மா, நான் என்ன கதையா எழுதுறேன்?"

அவரும் நேர்மையாகத்தான் தொடங்கினார். இரண்டரை வருடத்தில் ஒரு சந்திப்பையும் தவறவிட்டதில்லை என்று ஒரு வரி. வலியைத் தாங்குவார் என்று ஒரு வரி. ஒருமுறைகூட என் விரலைக் கடித்ததில்லை என்று ஒரு வரி. ஆனால் படிவத்தின் கட்டத்தில் நான்கு கோடுகள் இருந்தன. நாற்பது வருடம் பல் பார்த்த மனிதர் ஒரு இடைவெளியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார். ஒரு பல் விழுந்த இடத்தை அப்படியே விட்டால் பக்கத்துப் பல் அந்தப் பக்கம் சாயும், எதிர்ப்பல் கீழே இறங்கும், பிறகு முழு வாயும் கெடும். அந்தப் பழக்கத்தில், முந்தின வருடத்து மறுப்புக் கடிதத்தின் மேல் இருந்த கோபமும் சேர, காலியாக இருந்த நான்காவது கோட்டை நிரப்பினார்: "இவர் போகிற இடமெல்லாம் மற்றவர்கள் பின்தொடர்வார்கள்." முத்திரை குத்தி, உறையில் போட்டு, அவரே தபாலில் சேர்த்துவிட்டார்.

மறுநாள் காலை பால் வாங்கப் போன கம்பி பதினோரு பேரோடு வீடு திரும்பினாள். பால்காரர், செய்தித்தாள் போடுகிறவர், நடைப்பயிற்சிக்கு வந்த தம்பதி, பாதி முகம் சவரமான ஒருவர், கையில் கத்தியோடு அவருடைய முடிதிருத்துபவர், இன்னும் ஐந்து பேர். யாருக்கும் அவளிடம் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. ஆறடி தள்ளி வரிசையாக வந்தார்கள். அவள் நின்றால் நின்றார்கள். அம்மா கதவைத் திறந்து, வரிசையை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தார்.

"ஏண்டி, பால் வாங்கிட்டு வரச் சொன்னா பால்காரரயே கூட்டிட்டு வந்திருக்க?"

டாக்டர் வந்து மன்னிப்புக் கேட்டார். திருத்தி எழுதலாமென்றால் படிவம் ஏற்கெனவே தபாலில் போய்விட்டிருந்தது. விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். ஆனால் வயது வரம்பும் அதோடு தாண்டிவிடும். கம்பி மாட்டேன் என்றாள்.

அதன் பிறகு அவள் செய்தது, இயந்திரம் பார்ப்பவர் வீட்டுப் பெண் செய்கிற காரியம்: எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்தாள். அவள் கடந்துபோகிறவர்கள் மட்டுமே பின்னால் வந்தார்கள். எதிரே, அவள் இன்னும் போய்ச் சேராத இடத்தில் இருப்பவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரே இடத்தில் நின்று நூறு எண்ணினால் கட்டு அவிழ்ந்தது. வந்தவர்கள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போனார்கள். சிக்கல் என்னவென்றால், அவள் நிற்கிற இடம் அவர்கள் போக வேண்டிய இடமாக இருப்பதில்லை. தையல்காரர் மீன் சந்தையில் விடுபட்டார். ஒரு ஆசிரியை இரண்டு நாள் தொடர்ந்து தீயணைப்பு நிலையத்தில் விடுபட்டு, மூன்றாம் நாள் கம்பியைத் தெருவில் நிறுத்தித் திட்டினார். அன்று கம்பி ஒரு நோட்டு வாங்கினாள். யார் எத்தனை மணிக்கு எங்கே போக வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதினாள். வழி போட்டாள். முதலில் பள்ளிக்கூடம், நூறு எண்ணிக்கை, அடுத்து வங்கி, நூறு, பிறகு மருத்துவமனை. இரண்டு மாதத்தில் தெருவில் யாரும் பேருந்துக்குக் காத்திருப்பதில்லை. முழங்கால் வலிக்காரர்களுக்காக வேகத்தைக் குறைத்தாள். கம்பி வராத ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றித்தான் இப்போது புகார் வந்தது. அம்மா மட்டும் எப்போதும்போல அவள் பக்கத்தில் நடந்தார், தனக்கு வேறு திசையில் லிஃப்ட் நின்றுபோயிருந்தால் "வர்றேன்டி" என்று பாதியிலேயே பிரிந்தும் போனார்.

தேர்வு மையத்தில் நான்காம் நாள்தான் எல்லாவற்றையும் முடிவு செய்கிற நாள். எட்டுப் பேர் கொண்ட குழு. தலைவர் என்று யாரையும் சொல்ல மாட்டார்கள். யார் தலைவராகிறார் என்று ஓரத்தில் ஒரு கர்னல் அட்டையும் பென்சிலுமாகப் பார்த்துக்கொண்டிருப்பார். மரத்தூள் நிரப்பிய பதினோரு அடிப் பள்ளம், பத்தடிப் பலகை ஒன்று, கயிறு ஒன்று, பதினைந்து நிமிடம். பலகை எட்டாது. பாதியை வெளியே நீட்டி, கரையில் இருக்கும் வாலில் சிலர் ஏறி நின்று அழுத்தினால், ஒருவர் நுனிக்கருகே போய்த் தாண்டலாம். இது கம்பிக்குப் பார்த்ததுமே தெரிந்தது. எடைக்கட்டை தெரிந்த யாருக்கும் தெரியும். ஆனால் அவள் பலகையில் கால் வைத்ததும் ஏழு பேரும் பின்னாலேயே ஏறினார்கள். வாலில் நிற்க ஆளில்லை. பலகை குப்புற அடித்தது. எட்டுப் பேரும் மரத்தூளில் கிடந்தார்கள். இரண்டாம் முறையும் அதே கதை. ஐந்து நிமிடம்தான் மிச்சம். கர்னல் அட்டையில் ஏதோ எழுதினார்.

கம்பி மூன்றாம் முறை பலகையின் வாலில் ஏறி அப்படியே நின்றாள். டாக்டர் எழுதியது அவள் போகிற இடத்தைப் பற்றி. போகாத இடத்தைப் பற்றி அவர் ஒன்றும் எழுதவில்லை. நூறு எண்ணினாள். ஏழு பேரும் தூக்கம் கலைந்தவர்கள்போலத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் இங்கயே நிக்கிறேன்," என்றாள். "நீங்க போங்க. கனமானவங்க முதல்ல. கயிற எடுத்துக்குங்க."

கனமானவர்கள் போகும்போது இரண்டு பேர் அவளோடு வாலில் நின்றார்கள். லேசானவன் கடைசியில், அவள் எடையை மட்டும் நம்பிப் போனான். ஏழு பேர் அக்கரையில்; இக்கரையில் கம்பி. இப்போது வாலில் நிற்க யாருமே இல்லை. ஒரு நிமிடம் இருந்தது. அவள் கரையில் இறங்கி, கர்னலைத் தாண்டிப் பின்னால் போய், ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி, நேராகப் பலகைமேல் நடந்தாள். கர்னல் அட்டையும் பென்சிலுமாக ஆறடி பின்னால் வந்தார். அவள் பலகையின் முக்கால் பங்கைக் கடந்து நின்றபோது அவர் சரியாக அதன் வாலில் நின்றார். நல்ல கனமான மனிதர், பலகை அசையவில்லை. அக்கரையிலிருந்து கயிறு வந்தது. பிடித்தாள், தாவினாள், இழுத்துக்கொண்டார்கள். கர்னல் தொடர்ந்து நடந்தார், பலகை முடியும் முன்பே மரத்தூளுக்குள் போனார். விசில் ஒலித்தது.

பார்வையாளரை எடையாகப் பயன்படுத்தக் கூடாது என்று விதிப்புத்தகத்தில் எங்கும் இல்லை, மாலைவரை தேடினார்கள். நேர்காணலில் கர்னலின் புருவத்தில் இன்னும் மரத்தூள் இருந்தது. கம்பி எதையும் மறைக்கவில்லை. டாக்டரின் சான்றுரையைக் கோப்பிலிருந்து எடுக்கச் சொல்லி நான்காவது வரியைக் காட்டினாள். அவர் அதை இரண்டு முறை படித்தார்.

"அப்ப எல்லாரும் பின்னால வர்றது இவரு எழுதுனதால. உன்னோடது என்னம்மா இதுல?"

கம்பி பையிலிருந்து நோட்டை எடுத்து மேசையில் வைத்தாள். "வர்றது அவர் எழுதுனது சார். யார எங்க கொண்டுபோய் விடணும்ங்கறது நான் எழுதுனது."

கர்னல் அதை முழங்கால் வலிக்காரர்களைப் பற்றி எழுதியிருந்த பக்கம்வரை படித்தார். தேர்வுக் கடிதம் மூன்று வாரத்தில் வந்தது. அதிலும் காரணம் ஒரே வரிதான்: "எப்போது நிற்க வேண்டும் என்று தெரிந்தவர்."

கிளம்புகிற நாள், ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில் அவள் கடைசி முறையாகத் தெருவை இறக்கிவிட்டாள். பள்ளிக்கூடத்தில் நூறு, வங்கியில் நூறு, மருத்துவமனையில் நூறு, பல் டாக்டரை அவருடைய கிளினிக் வாசலில் நூற்றைம்பது. நடைமேடைக்கு வந்தபோது பக்கத்தில் அம்மா மட்டும் இருந்தார். ரயில் நகர்ந்தது. அம்மா அதன் பின்னால் நடந்தார், நடைமேடை முடிகிறவரை, ஆறடி தள்ளி. சொந்தக்காரர்களிடம் சான்றிதழ் செல்லாது என்பது இருவருக்கும் தெரியும். அடுத்த தடத்தில் நின்றிருந்த சரக்கு ரயிலும் அவள் கடந்துபோனதும் கிளம்பிப் பின்னால் போயிற்று. அடுத்த மாதம் அச்சான கால அட்டவணையில், அகாடமி விடுமுறை நாட்களுக்கு மட்டும் அந்தச் சரக்கு ரயிலுக்குத் தனி நேரம் குறித்திருந்தார்கள்.