சந்தேகத்துக்கு இடம்

மண்ணைப் பார்க்க வந்த பொறியாளர் அம்மா காப்பகத்துப் பின்முற்றத்தின் நடுவில் நின்று மூக்கை உறிஞ்சினார். ஒருமுறை அல்ல, மூன்றுமுறை.

"புது பெயின்ட் வாசனைதான் வருது," என்றார்.

"ஆமாங்க, நேத்து சாயங்காலம்தான் முடிச்சேன்," என்று டப்பா நெஞ்சை நிமிர்த்தினான். "ரெண்டு கோட்டு. கை வச்சுப் பாருங்க, கண்ணாடி மாதிரி இருக்கும்."

டப்பா என்பது பட்டப்பெயர். பெயின்டராக இருந்தால் வேறென்ன கிடைக்கும்? டீச்சருக்கு அவன் கொழுந்தன். டீச்சர் என்றால் பள்ளிக்கூட டீச்சர் அல்ல. வேலைக்குப் போகிற பெண்கள் காலையில் விட்டுவிட்டுப் போகும் பதினாறு குழந்தைகளைச் சாயங்காலம் வரை பார்த்துக்கொள்கிற காப்பகம் ஒன்றை நடத்துகிறவள். ஐந்து வாரத்துக்கு முன் ஆற்று வெள்ளம் ஊருக்குள் வந்தபோது காப்பகத்தையும் மூடவேண்டியதாயிற்று. தண்ணீர் வடிந்துவிட்டது, கதவு மட்டும் இன்னும் திறந்தபாடில்லை.

போன வாரம் வீட்டில் டீச்சர், "செவ்வாய்க்கிழமை இடத்தைப் பாக்க வர்றாங்க" என்று ஒரு வார்த்தைதான் சொன்னாள். டப்பா மூன்று நாள் லீவு போட்டான். சுவரைக் கழுவினான், தேய்த்தான், வர்ணம் அடித்தான். முற்றத்தில் ஒரு லோடு புது மணலைக் கொட்டி நிரவினான். ஊஞ்சலையும் சறுக்குமரத்தையும் துடைத்து வைத்தான். யாராவது வருகிறார்கள் என்றால் நாம் எல்லாரும் செய்வதுதானே?

பொறியாளர் அட்டையில் செருகியிருந்த படிவத்தைக் காட்டினார். "சந்தேகப்படும்படியான அடையாளங்கள்" என்று அச்சடித்து, எதிரே நீளமாகக் கோடு போட்டிருந்தது.

"இதுல என்ன எழுதறது?"

"ஒண்ணும் இல்லன்னு எழுதுங்க மேடம்," என்றாள் டீச்சர். அவள் முகம் மலர்ந்தேவிட்டது.

"எழுதினா உங்க ஃபைலை இன்னிக்கே மூடிடுவாங்க. பரவாயில்லயா?"

டீச்சருக்குத் தலை சுற்றியது. இந்த மாதத்தில் அது எத்தனையாவது சுற்று என்று அவளுக்கே கணக்கு இல்லை. முதலில் நகராட்சிக்குப் போனாள். மண்ணில் கெடுதல் இல்லை என்று சான்று கொண்டுவந்தால்தான் குழந்தைகளை விடலாம் என்றார்கள். துளை போட்டு, மண் எடுத்து, ஆய்வகத்துக்கு அனுப்பினால்தான் அந்தச் சான்று கிடைக்கும். அதற்கு ஆகிற செலவைக் கேட்டபோது அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். வெள்ள நிவாரணத்தில் இதற்கென்றே ஒரு நிதி இருக்கிறது என்று யாரோ சொல்ல, அங்கே போனாள்.

"எங்க நிதி மண்ணு கெட்டுப்போன இடத்துக்கு மட்டும்தான்," என்றார் அங்கிருந்தவர்.

"கெட்டுப்போச்சான்னு பாக்கத்தானே சார் நிதி?"

"ஆமா. கெட்டுப்போயிருக்கும்னு சந்தேகம் இருந்தா."

"சந்தேகம் இருக்கறதாலதானே சார் வந்திருக்கேன்?"

"உங்களுக்கு இருந்தா ஆச்சா? எங்களுக்கு இருக்கணும். பொறியாளரை அனுப்பறோம், பாத்துட்டுச் சொல்வாங்க."

இப்போது முற்றத்தில் நின்று அதைப் பொறியாளர் பொறுமையாகப் பிரித்துச் சொன்னார். சோதனை இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் ஒரு பிடி மண்ணைக்கூடத் தோண்டக்கூடாது. பழைய வரைபடங்களையும் காகிதங்களையும் பார்ப்பார்கள், இடத்தைக் கண்ணால் பார்ப்பார்கள், இடத்தை அறிந்தவர்களிடம் விசாரிப்பார்கள். அந்த மூன்றில் ஏதாவது ஒன்று சந்தேகத்தைக் கிளப்பினால்தான் இரண்டாம் கட்டம். துளையும் மண்ணை அடைக்கிற ஜாடியும் ஆய்வகமும் அப்புறம்தான். இரண்டாம் கட்டத்துக்குத்தான் பணம் பெரிசு. கண்ட இடத்தையெல்லாம் தோண்டினால் நிதி ஒரு வாரத்தில் காலியாகிவிடும், அதனால் இப்படி ஒரு சல்லடை. முதல் கட்டத்தில் ஒன்றும் தென்படவில்லை என்றால், ஒன்றும் தென்படவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். மண் நல்ல மண் என்று அர்த்தமில்லை. நகராட்சி அந்தக் காகிதத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

"அப்ப என் இடம் மோசம்னு நான் நிரூபிச்சாத்தான், நல்லதுன்னு நிரூபிக்கப் பணம் குடுப்பீங்களா?"

பொறியாளர் கொஞ்சம் யோசித்தார். "கிட்டத்தட்ட."

"அடுத்த மனையில லாரி ரிப்பேர் ஷெட் இருந்துச்சே மேடம்! பழைய ஆயிலை டிரம் டிரம்மா வச்சிருந்தாங்க. எல்லாம் மிதந்து இங்கதான் வந்துச்சு."

"வரைபடத்துல அது காலி மனை. உரிமம் இல்லாம நடத்தியிருக்காங்க. ஷெட்டும் வெள்ளத்துல அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. காகிதத்துல ஒண்ணும் இல்ல."

"சுவத்துல இடுப்பு உயரத்துக்குக் கறுப்பா ஒரு கோடு இருந்துச்சே!"

மூன்று பேரும் சுவரைப் பார்த்தார்கள். சுவர் இளம்பச்சையில் பளபளத்தது. டப்பாவின் நிமிர்ந்த நெஞ்சு மெல்ல இறங்கியது.

"மணலைக் காலால தள்ளிட்டுப் பாக்கலாமே?" என்றான்.

"காலால கிளறினாலும் தோண்டினதாத்தான் கணக்கு. அது ரெண்டாம் கட்டம்."

"நான் கண்ணால பாத்தேன் மேடம், எழுதிக்குங்க," என்றாள் டீச்சர்.

"விண்ணப்பம் போட்டதே நீங்க. உங்க சொல் செல்லாது." பொறியாளர் பேனாவை டப்பாவின் பக்கம் திருப்பினார். "சுவத்துல வேலை செஞ்சவர் சொன்னா எழுதலாம். சொல்லுங்க, வேலை செய்யறப்ப வித்தியாசமா ஏதாவது?"

"ஒண்ணும் இல்லீங்க. முதல்தரமான வேலை," என்றான் டப்பா படக்கென்று.

டீச்சர் இடுப்பில் கைவைத்தாள். "அப்ப ஏன்டா மூணு டப்பா வாங்கிட்டுப் போனே? இந்தச் சுவத்துக்கு ஒண்ணே ஜாஸ்தின்னு நீதானே சொன்னே?"

"அண்ணி, வெளியாளுங்க முன்னாடி..."

"மானம் போகுதா? பதினாறு புள்ளைங்க வீட்ல உக்காந்திருக்கு. சொல்லு."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். முதல் கோட்டு பிடிக்கவே இல்லை. அடிக்க அடிக்க வியர்வைத் துளி மாதிரி திரண்டு நின்றது. காலையில் வந்து பார்த்தால் தோல் உரிவது போலத் தகடு தகடாக உரிந்து விழுந்தது. சோப்புத்தூள் போட்டு இரண்டு தடவை தேய்த்தும் கேட்கவில்லை. கடைசியில், கறையை அமுக்கிவிடுகிற பிரைமரைக் கீழே அடித்துத்தான் சமாளித்தான். பதினெட்டு வருஷத் தொழிலில் ஒரு சுவர் அவனை இப்படிப் படுத்தியதில்லை. யாரிடமும் அவன் இதைச் சொல்லவில்லை.

பொறியாளரின் கண்கள் விரிந்தன. "தண்ணில கரைக்கிற பெயின்டா?"

"ஆமாங்க."

"எண்ணெய் மேல நிக்காது." அவர் டீச்சரிடம் திரும்பினார். சொல்லச் சொல்ல அவருக்கே உற்சாகம் தாங்கவில்லை. "பாருங்க, எண்ணெய் தண்ணி மேல மிதக்கும். வெள்ளம் எந்த உயரத்துல ரொம்ப நேரம் தங்குதோ அந்த உயரத்துல சுவத்துக்குள்ள ஊறிடும். வடியறப்ப மிச்சம் இருக்கறது தரையில படியும்." உடனே டப்பாவிடம், "எங்கெங்க பிடிக்கல? காட்டுங்க."

டப்பா கையை இடுப்பு உயரத்தில் வைத்துச் சுவரோரமாக நடந்தான். ஊஞ்சல் வரைக்கும் ஒரே மட்டம். அதைத் தாண்டித் தரை மேடேறிய இடத்தில் கை தாழ்ந்தது. ஓர் இடத்தில்கூட அவன் நின்று யோசிக்கவில்லை.

"மணல் எதுக்குப் போட்டீங்க?"

"பூச்செடி வைக்கலாம்னுதான் முதல்ல நெனச்சேன். மண்ணை அள்ளினா கையில பிசுபிசுன்னு ஒட்டுச்சு. கழுவினாலும் போகல. அதான்..."

"மூடிட்டே," என்றாள் டீச்சர்.

பொறியாளர் படிவத்தில் வேகமாக எழுதினார். முடித்ததும் பெரிய எழுத்தில் ஒரு வரி: "சந்தேகத்துக்கு இடம் உண்டு." டப்பாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். முற்றத்தின் படம் ஒன்றைப் போட்டு, துளை போடவேண்டிய இடங்களில் ஆறு புள்ளி வைத்தார்.

"அண்ணி, இது நமக்கு நல்லதா கெட்டதா?" என்று டப்பா காதில் கேட்டான்.

"தெரியலடா. சந்தோஷப்படணும்னுதான் நெனக்கிறேன்."

சந்தோஷப்பட நேரம் கிடைக்கவில்லை. பொறியாளர் போகிற போக்கில் வாசல் கதவில் மஞ்சள் தாள் ஒன்றை ஒட்டினார். "மாசு இருப்பதாகச் சந்தேகிக்கப்படும் இடம். உள்ளே வரவேண்டாம்." பசை காய்வதற்குள் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு பெண் சாலையைக் கடந்து ஓடி வந்தாள். துணிக்கடையில் வேலை பார்ப்பவள். அவள் மகள் காப்பகத்திலேயே சின்னது, ஒன்றரை வயது.

"என்ன டீச்சர் இது? வெசமா?"

"சந்தேகம்தாம்மா. தோண்டிப் பாத்தாத்தான் தெரியும். பதினஞ்சு நாள் ஆகும்."

"நேத்துகூட அடுத்த வாரம் திறந்துடுவேன்னு சொன்னீங்களே!"

"சொன்னேன்."

"கடையில இனிமே லீவு கேட்டா என்னையே அனுப்பிடுவாங்க டீச்சர். ஒண்ணும் இருக்காதுன்னு சொல்லுங்களேன். நீங்க சொன்னா நம்பறேன்."

டீச்சர் வாயைத் திறந்தாள். ஒரு மாதமாக நகராட்சியின் எல்லா மேசை முன்னாலும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள், ஒன்றும் இருக்காது சார், ஒன்றும் இருக்காது மேடம். வார்த்தை நாக்கு நுனியில் தயாராக நின்றது.

"எனக்குத் தெரியலம்மா," என்றாள்.

அந்தப் பெண் மஞ்சள் தாளை மறுபடி படித்தாள். கோபப்படுவதா அழுவதா என்று அவளுக்கும் பிடிபடவில்லை போலிருந்தது. கடைசியில், "எங்கெங்க தோண்டுவாங்க?" என்று கேட்டாள்.

"சுவரோரமா நாலு. ஊஞ்சல் கிட்ட ரெண்டு."

"சறுக்குமரத்துக்கு அடியில?"

"அங்க இல்ல."

"அங்கதானே டீச்சர் எம் பொண்ணு உக்காருவா? மண்ணை எடுத்து வாயில வச்சுப்பா. நீங்கதானே எங்கிட்ட சொன்னீங்க?"

பொறியாளர் காரில் ஏறிக் கதவைச் சாத்திவிட்டார். டீச்சர் செருப்புப் போடாமலேயே ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டினாள்.

"மேடம், இன்னும் ஒரு புள்ளி வைக்கணும். சறுக்குமரத்துக்கு அடியில."

"ஒவ்வொரு புள்ளிக்கும் காரணம் எழுதணுமே. அங்க எண்ணெய் நின்னதா யாராவது பாத்தாங்களா?"

"இல்ல."

"அப்புறம் என்னன்னு எழுத?"

"அந்த இடத்து மண்ணை ஒரு குழந்தை தின்னும்னு எழுதுங்க. அந்தக் குழந்தையோட அம்மா இங்கதான் நிக்கறாங்க. கையெழுத்துப் போடுவாங்க."

பொறியாளர் படத்தை மறுபடி விரித்து, பேனா மூடியைக் கழற்றினார்.